ஜெர்மனியில் கார்டு கைக்கு வரும் வரை

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும், நீண்ட காலம் தங்க வருகிறவர்களுக்கான டி விசாவின் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். குடியிருப்பு அனுமதிக்குப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்காது. ஆன்லைனில் டெர்மின், அதாவது அலுவலகத்துக்கு நேரில் போக முன்பதிவு நேரம், தேடினால் காலியிடம் எதுவும் இல்லை என்றே காட்டும். போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த நம்மவர்களில் பலர் ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். நானும் தனியாக மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன்தான். அப்போது விவரம் தெரிந்த யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் தூக்கமும் கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கும். அதனால் எந்த வரிசையில் என்ன நடக்கும், எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆவுஸ்லெண்டர்பெஹோர்டே என்கிற வெளிநாட்டவர் அலுவலகம் நாடு முழுக்க ஒரே துறை இல்லை. அந்தந்த நகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ நடத்துகிற அலுவலகங்கள் இவை, 500க்கும் மேல் இருக்கின்றன. சட்டம் எல்லோருக்கும் ஒன்று. ஆனால் விண்ணப்பத்தை எப்படி வாங்குகிறார்கள், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், மெயிலுக்குப் பதில் போடுவார்களா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். 2023 நவம்பரில் திறன் தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தியபோது வரத் தகுதியானவர்களின் வட்டம் பெரிதானது. அதே வேகத்தில் எல்லா ஊரிலும் மேசைகள் கூடிவிடவில்லை. மியூனிக்கில் இருக்கும் நண்பருக்கு மூன்று வாரத்தில் குடியிருப்பு அனுமதிக் கார்டு வந்ததே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று மனம் புழுங்க வேண்டாம். அவர் ஊர் வேறு, உங்கள் ஊர் வேறு. அவருடைய அனுபவத்தை வைத்து நீங்கள் விமான டிக்கெட் போட்டுவிடவும் கூடாது.

காத்திருப்பில் வரும் கோளாறுகளில் பாதி, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே விதைக்கப்பட்டுவிடுகின்றன. வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதைத்தான் அன்மெல்டுங் என்கிறார்கள். நீங்கள் குடிபுகுந்ததாக வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிக் கடிதம் இல்லாமல் அது நடக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தற்காலிக அறையில் தங்கியிருந்தால், அங்கே பதிய விடுவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். இது நமக்கென்றே வந்த தலைவலி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், தன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேம் கட்டத்தில் கிடக்கும். ஜெர்மனியின் பதிவேடுகள் குடும்பப் பெயரை எதிர்பார்ப்பவை. ஒரு இடத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் தள்ளி முதல் பெயரைக் காலியாக விடுவார்கள். இன்னொரு இடத்தில் இரண்டாகப் பிரிப்பார்கள். காப்பீட்டு நிறுவனம் தலைகீழாகப் பதியும், வேலை ஒப்பந்தத்தில் வேறொரு வரிசை இருக்கும். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய காப்பீட்டுச் சான்று உங்கள் கோப்பில் போய்ச் சேராமல் அந்தரத்தில் நிற்பதற்கு இது போதும். அன்மெல்டுங் தாளில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே அளவுகோலாக வைத்து, வங்கி, காப்பீடு, வேலை பார்க்கும் நிறுவனம், வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் அதே வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அந்தப் பெயரை வீட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டியிலும் ஒட்டுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துப் போடுவதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுகிறார். ஒரே கட்டடத்தில் இருபது வீட்டுக்கும் ஒரே எண்தான் இருக்கும். பெட்டியில் முந்தைய வாடகைக்காரர் பெயர் இருந்தால், டெர்மின் கடிதம் முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை என்ற முத்திரையோடு திரும்பிப் போய்விடும். நீங்கள் அழைப்புக்கு வரவில்லை என்று கோப்பில் குறிப்பு ஏறும். உள்வாடகையில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் கேட்டு ஒரு துண்டுத் தாளிலாவது பெயரை எழுதி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டின் ஆயுளையும் இப்போதே பாருங்கள். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி அனுமதி தர மாட்டார்கள். நான்கு வருட ஒப்பந்தம் கையில் இருந்தாலும், பாஸ்போர்ட்டில் பதினான்கு மாதம்தான் மிச்சம் என்றால் கார்டும் பதினான்கு மாதத்துக்குத்தான். அடுத்த வருடம் மறுபடி அதே வரிசை, அதே கட்டணம். பெர்லின் தூதரகம் அல்லது ஹாம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக் துணைத் தூதரகங்களில் நீங்கள் வசிக்கும் ஜெர்மன் மாநிலம் எதன் கீழ் வருகிறதோ அங்கே முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, பிறகு விண்ணப்பத்தைப் போடுவது லாபம். மூலை வெட்டித் திருப்பித் தரும் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். விசா ஒட்டியிருப்பது அதில்தான். பின்னால் வரும் எல்லாத் தாளும் அந்த விசாவைத்தான் சுட்டிக்காட்டும்.

புகைப்பட விஷயத்தில் 2025 மே மாதம் முதல் விதி மாறிவிட்டது. காகிதப் படத்தை வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோவில் எடுத்தால் படத்தை அவர்களே பாதுகாப்பான கிளவுடில் ஏற்றி, ஒரு குறியீடு அச்சிட்ட தாளைத் தருவார்கள், அதைக் கொண்டுபோக வேண்டும். அலுவலகத்திலேயே இயந்திரம் இருந்தால் 6 யூரோவுக்கு அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ உறை இனி ஆல்பத்துக்குத்தான்.

விண்ணப்பத்துக்கு வருவோம். விசா முடிய இரண்டரை, மூன்று மாதம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். கேட்கும் தாள்கள் பெரும்பாலும் இவைதான்: விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட்டின் தகவல் பக்கமும் விசாப் பக்கமும், அன்மெல்டுங் சான்று, வாடகை ஒப்பந்தம், வேலை ஒப்பந்தம், வேலையைப் பற்றி நிறுவனம் நிரப்பித் தரும் படிவம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டு உறுப்பினர் சான்று, பட்டமும் அதன் அங்கீகார விவரமும். இவற்றில் நம் கையை மீறித் தாமதமாவது நிறுவனம் நிரப்ப வேண்டிய படிவம். மேலதிகாரி விடுப்பில் இருப்பார், மனிதவளத் துறையில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் வேறு கிளையில் இருப்பார். அதை முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பத்தைப் பிடித்து வைக்க வேண்டாம். இருப்பதை அனுப்பி, மீதி பின்னால் வரும் என்று எழுதிவிடலாம். தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். டெர்மின் கேட்டு ஒரு பட்டனை அழுத்தியதை விண்ணப்பம் போட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். டெர்மின் கேட்பது வேறு, அனுமதி கேட்பது வேறு. ஆன்லைனில் முழு விண்ணப்பத்தையே நிரப்பும் வசதி உங்கள் ஊரில் இருந்தால் அதில் போட்டு, கடைசியில் வரும் உறுதிப் பக்கத்தை பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். சில நகரங்களில் அந்தப் பக்கத்திலேயே சட்டப் பாதுகாப்பு பற்றிய வரியும் இருக்கும். அந்த வசதி இல்லையென்றால் எளிமையான ஒரு கடிதம் போதும்: நான் இன்னார், பிறந்த தேதி இது, குடியுரிமை இது, என் விசா இன்ன தேதியில் முடிகிறது, இன்ன சட்டப் பிரிவின் கீழ் குடியிருப்பு அனுமதி கேட்டு இதன் மூலம் விண்ணப்பிக்கிறேன், குடியிருப்புச் சட்டம் பிரிவு 81 உட்பிரிவு 5இன்படி ஃபிக்ஷன் சான்று (முடிவு வரும் வரை பழைய அனுமதி தொடர்வதைக் காட்டும் தாள்) வழங்கவும். கையெழுத்துப் போட்டு மெயிலில் ஒரு பிரதி, பதிவுத் தபாலில் ஒரு பிரதி. நகராட்சி வாசலில் தபால் பெட்டி இருந்தால் இன்னொரு பிரதியை நேரில் போட்டு, போடும்போது கடிதத்தின் முதல் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிகையாகத் தோன்றலாம். ஆறு மாதம் கழித்து ‘உங்கள் விண்ணப்பம் எங்களிடம் இல்லையே’ என்று ஒருவர் சொல்லும்போது, கையில் இருக்கும் பதிவுத் தபால் ரசீதுதான் உங்களுக்காகப் பேசும்.

இனி அந்த ஃபிக்ஷன் என்ன என்று பார்ப்போம். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு சொல்வது இது: இருக்கும் அனுமதி முடிவதற்கு முன்பே நீட்டிப்போ வேறு வகை அனுமதியோ கேட்டு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவெடுக்கும் வரை பழைய அனுமதி தொடர்ந்து இருப்பதாகவே கருதப்படும். டி விசாவுக்கும் இது பொருந்தும். சுற்றுலாவாக வரும் ஷெங்கன் விசாவுக்குப் பொருந்தாது. இந்தப் பாதுகாப்பு விண்ணப்பித்தவுடன் சட்டப்படியே தானாக வருகிறது. சான்று என்பது அதை எழுத்தில் காட்டும் தாள் மட்டுமே. ஆகவே தாள் கையில் இல்லாத நாட்களிலும் நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் இல்லை. விசா முடிந்த மறுநாள் போலீஸ் கதவைத் தட்டுமோ என்று இரவெல்லாம் புரண்டு படுக்க வேண்டியதே இல்லை. தேதி தவறிப்போனவர்களுக்கும் அதே உட்பிரிவில் ஒரு வழி உண்டு. தாமதமான விண்ணப்பத்துக்கும் கடும் பாதிப்பைத் தவிர்க்க இந்தப் பாதுகாப்பைத் தரலாம் என்று இருக்கிறது. ஆனால் அது அலுவலகத்தின் கையில், கேட்டுப் பெற வேண்டியது.

சட்டம் தானாகப் பாதுகாக்கிறது, சரி. ஆனால் நிறுவனமோ வங்கியோ விமான நிலையமோ சட்டத்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். காத்திருப்பின் அவதி முழுக்க இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதனால் ஃபிக்ஷன் சான்றை வற்புறுத்திக் கேளுங்கள். அது சலுகை இல்லை, வழங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கட்டணம் 13 யூரோ. மடிப்புத் தாளாக வரும். கைக்கு வந்ததும் மூன்றாம் பக்கத்தைத் திறந்து எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றாவதில் குறி இருந்தால் பழைய அனுமதி தொடர்கிறது என்று பொருள், வேலையும் தொடரலாம், வெளிநாடு போய்த் திரும்பவும் வரலாம். முதல் இரண்டில் ஒன்றில் இருந்தால் தங்கலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியே போனால் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. அவசரத்தில் தவறான கட்டத்தில் பேனா ஓடுவதும் உண்டு. டி விசா முடிவதற்கு முன் விண்ணப்பித்தவருக்கு உரியது மூன்றாவது கட்டம்தான் என்பதை மரியாதையாகச் சொல்லி, அங்கேயே திருத்தி வாங்குங்கள்.

இந்தச் சமயத்தில் எல்லோரையும் பதற வைக்கும் இன்னொரு மெயில், நிறுவனத்தின் மனிதவளத் துறையிலிருந்து வருவது. ‘உங்கள் அனுமதி அடுத்த மாதம் முடிவதாக எங்கள் பதிவில் இருக்கிறது, புதியதை அனுப்பவும், இல்லையேல் வேலைக்கு அனுமதிக்க முடியாது’ என்று இருக்கும். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று கோபப்பட்டுப் பயனில்லை. வெளிநாட்டவரை வேலையில் வைத்திருக்கும் நிறுவனம் அனுமதியைச் சரிபார்த்துப் பிரதி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அனுமதியில்லாதவரை வேலையில் வைத்தால் 5,00,000 யூரோ வரை அபராதம் போகலாம். பயம் அவர்களுக்கும் உண்டு. விசா முடிய ஆறு வாரம் இருக்கும்போதே நீங்களாகவே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: விண்ணப்பித்த தேதி, அதற்கான உறுதித் தாள், பிரிவு 81 உட்பிரிவு 4, சான்று கேட்டிருக்கிறேன் என்ற செய்தி. தாமாகத் தகவல் சொல்பவரிடம் மனிதவளத் துறை வேறு மாதிரி நடந்துகொள்ளும். பெரிய நிறுவனமாக இருந்தால் அவர்களுடைய வழக்கறிஞரே அலுவலகத்துக்கு எழுதுவார், அந்தக் கடிதத்துக்கு நம் மெயிலை விடச் சீக்கிரம் பதில் வரும். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் உதவி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய அனுமதி தொடர்கிறது என்றால் அதன் நிபந்தனைகளும் சேர்ந்தே தொடர்கின்றன. விசாவில் நிறுவனத்தின் பெயர் போட்டு அங்கே மட்டும் வேலை என்று எழுதியிருந்தால், காத்திருக்கும் காலத்தில் வேறு நிறுவனத்தில் சேர முடியாது. முதலில் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். வேலை போய்விட்டால் இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது. சொல்லாமல் மறைத்தால் பின்னால் வேறு சிக்கல் முளைக்கும்.

ஊருக்குப் போகலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மூன்றாவது கட்டத்தில் குறி போட்ட சான்றும், முடிந்துபோன விசா உள்ள பாஸ்போர்ட்டும் சேர்ந்து இருந்தால் சட்டப்படி திரும்ப நுழையலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஆகாது. சிக்கல் ஃபிராங்க்ஃபர்ட் குடிநுழைவில் வருவதில்லை, அங்கே இந்தத் தாளை நாள்தோறும் பார்க்கிறார்கள். சென்னை விமான நிலையத்தின் செக்இன் கவுண்டரில்தான் வரும். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவந்தால் விமான நிறுவனம்தான் தண்டம் கட்ட வேண்டும், அதனால் கவுண்டரில் இருப்பவர் தன் திரையில் பார்த்துப் புரியாததை ஏற்றிவிட மாட்டார். பிளாஸ்டிக் கார்டு எங்கே என்று கேட்பார். நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், சான்றின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், அதன் ஆங்கில விளக்கத்தை அச்செடுத்து வைத்திருங்கள். லண்டன் வழியாக மாறிப்போகும் டிக்கெட்டைத் தவிர்க்கவும். விசா இல்லாமல் அங்கே விமானம் மாறும் சலுகைக்கு முறையான குடியிருப்புக் கார்டு தேவை, ஃபிக்ஷன் தாள் அதற்கு ஈடாகாது. நேரடி விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது இந்தச் சூழ்நிலையில் செலவில்லை. தாளே இன்னும் கைக்கு வராமல், விண்ணப்பித்த உறுதிப் பக்கம் மட்டும் இருந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள். போவது எளிது, திரும்புவதற்கு மறுபடி தூதரகத்தில் விசா கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தாலும் காத்திருப்பு மனதை அரிக்கத்தான் செய்யும். கட்டில் வாங்கலாமா, இரண்டு வருட இன்டர்நெட் ஒப்பந்தம் போடலாமா, ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று சின்னச் சின்ன முடிவுகூடத் தள்ளிப்போகும். வீட்டிலிருந்து போனில் கார்டு வந்துவிட்டதா என்று கேட்கும்போது, பரீட்சையில் தோற்றவனைப் போலக் குரல் இறங்கும். நம் தப்பு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் வெட்கம் வரும். உண்மையில் எரிச்சலை விட அதிகமாக என்னைத் தின்றது அந்த வெட்கம்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மெயில் பெட்டியைத் திறப்பதற்கு மாற்றாக எனக்கு உதவியது, விசாரிப்பதை அட்டவணைக்குள் அடைத்ததுதான். மூன்று வாரத்துக்கு ஒரு மெயில், அதற்கு மேல் இல்லை. தினமும் எழுதினால் அலுவலகத்தில் ஒவ்வொரு மெயிலையும் பிரித்துக் கோப்பில் சேர்க்கும் வேலைதான் கூடும், கோப்பு நகராது.

அந்த மெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் சூட்சுமம் உண்டு. தலைப்பில் கோப்பு எண், பதிவில் இருக்கிற வரிசையில் பெயர், பிறந்த தேதி, நாடு. உள்ளே நான்கு வரிக்கு மேல் வேண்டாம்: எப்போது விண்ணப்பித்தேன், விசா எப்போது முடிகிறது, எதற்காக அவசரம், எனக்கு வேண்டியது என்ன. ஜெர்மனில் எழுதுங்கள், மொழிபெயர்ப்புச் செயலி போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை. தாள்களை எட்டு இணைப்பாக அனுப்பாமல் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். போனில் எடுத்த சாய்ந்த படங்களை அனுப்பினால் அச்செடுக்கும்போது கருப்பாக விழும், பிறகு மறுபடி கேட்டுக் கடிதம் வரும், அதில் ஒரு மாதம் போய்விடும். அவசரம் என்றால் ஆதாரம் இணைக்க வேண்டும். நிறுவனம் எழுதிய எச்சரிக்கைக் கடிதமும் நிறுவனப் பயண உத்தரவும் எடுபடும். மனக்கஷ்டத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதினால் எடுபடாது.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேறு ஊருக்கு வீடு மாற்றுவதை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். ஊர் மாறினால் அலுவலகம் மாறும். பழைய அலுவலகம் கோப்பை அனுப்ப வேண்டும், புதியது கோப்பு வந்தால்தான் தொடும். இரண்டுக்கும் நடுவே கோப்பு பயணிக்கும் வாரங்களில் யாரைக் கேட்டாலும் எங்களிடம் இல்லை என்பார்கள். பெரிய நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் பக்கத்து மாவட்டத்துக்கு நகர்வதும் இதே கணக்குத்தான். பத்து கிலோமீட்டர் தூரம்தானே என்று நினைக்க வேண்டாம்.

மூன்று மாதம் கடந்தும் பதில் இல்லை, விண்ணப்பமும் முழுமை என்றால் உங்களுக்கு ஒரு ஆயுதம் இருக்கிறது. நிர்வாக நீதிமன்றச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, போதிய காரணமின்றி முடிவெடுக்காமல் இருக்கும் அலுவலகத்தின் மேல் வழக்குப் போடலாம், உன்டேடிக்கைட்ஸ்கிளாகே என்று பெயர். நிர்வாக நீதிமன்றத்தின் முதல் படியில் வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, நீங்களே போடலாம். இருந்தாலும் ஒரு முறை வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது. முதல் ஆலோசனைக்குத் தனிநபரிடம் 190 யூரோவும் வரியும் என்பது பொதுவான உச்சவரம்பு. நேராக நீதிமன்றம் போவதற்கு முன் இரண்டு வாரக் கெடு கொடுத்து, அதற்குள் முடிவு வராவிட்டால் வழக்குத் தொடர்வேன் என்று ஒரு கடிதம் அனுப்புவார்கள். பல கோப்புகள் அந்தக் கடிதத்துக்கே அசைந்துவிடுகின்றன. வழக்குப் போட்ட பிறகு அலுவலகம் முடிவெடுத்துவிட்டால், அதற்கு முன்பே முடிவை எதிர்பார்த்திருக்க உங்களுக்கு நியாயம் இருந்தது என்ற நிலையில் செலவு அலுவலகத்தின் தலையில் விழும். வழக்குப் போட்டால் கோபத்தில் மறுத்துவிடுவார்களோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். நான் பார்த்த வரையில் அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. அவர்களுக்கு அது இன்னொரு கோப்பு, அவ்வளவுதான். ஆனால் தாள் குறைவாக இருக்கும்போது வழக்குப் போட்டால் பணம் விரயம். தாமதத்துக்குக் காரணம் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

செலவையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள். தூதரகத்தில் டி விசாவுக்கு 75 யூரோ, முதல் அனுமதிக்கு 100, பின்னால் மூன்று மாதத்துக்கு மேலான நீட்டிப்புக்கு 93, ஃபிக்ஷன் சான்றுக்கு 13. சிறுவர்களுக்குப் பாதி. இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். கண்ணுக்குத் தெரியாதவைதான் கடிக்கும்: தள்ளிப்போட்ட பயணத்தின் ரத்துக் கட்டணம், அலுவலகம் போய்வர எடுத்த அரை நாள் விடுப்புகள், பதிவுத் தபால்கள், வழக்கறிஞர். சான்று வராமல் நிறுவனம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிட்டால் ஒரு மாத வாடகையே ஆட்டம் காணும். வந்த முதல் வருடத்தில் இரண்டு மாதச் செலவைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கடிதங்களில் மஞ்சள் உறை வந்தால் கவனம். தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியை உறையின் மேல் கையால் எழுதியிருப்பார், கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். உறையைக் கிழித்துக் குப்பையில் போடாமல் கடிதத்தோடு பின் அடித்து வையுங்கள். மறுப்பதற்கு முன் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அது மறுப்பு இல்லை, பதில் சொல்ல உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. கெடுவுக்குள் பதில் போடுங்கள், அவகாசம் போதாவிட்டால் நீட்டிப்பு கேளுங்கள். மறுப்பே வந்துவிட்டால் தாளின் கடைசியில் எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று இருக்கும், வழக்கமாக ஒரு மாதம். மறுப்பு வந்ததும் ஃபிக்ஷன் பாதுகாப்பு நின்றுவிடும், முறையீடு மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவராது. அவசர மனு தனியாகப் போட வேண்டும். அந்த இடத்தில் சொந்த முயற்சி வேண்டாம், அன்றைக்கே வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஒரு நாள் டெர்மின் வரும். கைரேகை எடுப்பார்கள், ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் உண்டு. கார்டு பெர்லினில் இருக்கும் பெடரல் அச்சகத்தில் தயாராகிறது, ஊருக்கு வந்து சேர நான்கிலிருந்து ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு உத்தரவு போட்டுவிட்டாலே, வரப்போகும் வேலை அனுமதியில் அனுமதிக்கப்பட்ட வேலையைச் செய்யலாம் என்று 81ஆம் பிரிவிலேயே ஒரு உட்பிரிவு சேர்த்திருக்கிறார்கள், 5அ என்று இருக்கும். புது நிறுவனத்தில் சேரக் காத்திருப்பவர்களுக்கு அந்த வரி பல வாரங்களை மிச்சப்படுத்தும். அன்றைக்கே அலுவலரிடம் உத்தரவு போட்டாயிற்று என்று ஒரு வரி எழுதி வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பலாம்.

கார்டை வாங்கும்போது பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, முடியும் தேதி, சட்டப் பிரிவு எண் நான்கையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். உயர்திறன் பணியாளர்களுக்கான ப்ளூ கார்டு கேட்டவருக்குச் சாதாரண வேலை அனுமதி அச்சாகி வருவதும் உண்டு. கார்டோடு வரும் கூடுதல் தாளில்தான் வேலை நிபந்தனை இருக்கும், அதில் நிறுவனத்தின் பெயர் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சொன்னால் அவர்கள் செலவில் திருத்துவார்கள். வெளியே வந்ததும் இரண்டையும் இருபுறமும் ஸ்கேன் செய்து நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அனுப்பிவிட்டு, முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன்னால் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு நிறுவனப் படிவத்தைக் கேட்க வேண்டிய நாள் அது.